ஒரு பச்சை ஒளியின் வரலாறு

லோஹேகாவில் போர் விமானங்கள் தலைக்கு மேலே பறக்கும்போது எங்கள் ஆய்வகத்தின் சன்னல் கண்ணாடிகள் அதிரும். அதிர்வு அடங்கும்வரை அளவீட்டை நிறுத்திவைப்பது வழக்கம். சென்ற வாரம் அவ்வாறு காத்திருந்த வேளையில், ஆய்வேட்டில் நான் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை மீண்டும் படித்தேன். "பச்சை ஒளிர்வு ஆக்சிஜன் வெற்றிடங்களால் தோன்றுகிறது." துத்தநாக ஆக்சைடு மென்படலங்களைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் இதையே எழுதுகிறோம். இவ்வாக்கியம் எங்கிருந்து வந்தது?

பொருள் நமக்குப் புதிதன்று. உதயப்பூருக்கு அருகிலுள்ள ஜாவரில் இடைக்காலத்திலேயே துத்தநாகம் வடிக்கப்பட்டது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே உலோகம் ஆவியாகவே வெளிப்படும். காற்றுப் பட்டால் வெண்புகையாகிவிடும். கத்தரிக்காய் வடிவ மண்கலங்களைத் தலைகீழாக நிறுத்தி, உலைக்கு 36 கலங்கள் வீதம் அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிர்வித்தனர் அக்கைவினைஞர். அவர்கள் தவிர்க்க முயன்ற அந்த வெண்புகையைத்தான் நாங்கள் இன்று கண்ணாடித் தகட்டின்மேல் படியவைக்க முயல்கிறோம். (சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகம், வடமொழி நூல்களில் அச்சொல் ஈயத்தைக் குறிக்கும். பழைய நூல்களைப் படிப்போர் இதில் இடறுவதுண்டு.)

இதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.37 எலக்ட்ரான் வோல்ட். எனவே கண்ணுறு ஒளி தடையின்றி ஊடுருவும். அலுமினியம் சிறிதளவு கலந்தால் மின்னும் கடத்தும். உட்கவர் விளிம்பும் புறஊதாப் பக்கம் நகரும். இந்நகர்வுக்கு 1954இல் பர்ஸ்டைனும் மோஸும் தனித்தனியே, வேறொரு குறைகடத்தியை முன்வைத்துத் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. நிற்காதது பச்சை ஒளியின் விளக்கமே. புறஊதாவால் தூண்டினால், எதிர்பார்க்கும் 380 நானோமீட்டர் ஒளிர்வோடு, பச்சைப் பகுதியில் அகன்றதொரு பட்டையும் எழுகிறது. படிகத்தின் ஏதோ ஒரு குறைபாடு அதற்குக் காரணம். எக்குறைபாடு என்பதே வழக்கு.

1969இல் டிங்கிள் செம்பைச் சுட்டினார். தாழ்வெப்பநிலையில் பச்சைப் பட்டையின் ஓரத்தில் இரட்டைக் கோடு தெரிந்தது. அவ்விரு கோடுகளின் செறிவு விகிதம், இயற்கையில் செம்பின் இரு ஓரிடத்தான்கள் இருக்கும் விகிதத்தோடு பொருந்தியது. என் மதிப்பீட்டில் இதனினும் அழகிய சான்று இவ்வழக்கில் வேறில்லை. தூய்மையானதென்று நம்பப்படும் துத்தநாகத்திலும் செம்பு சிறிது ஒளிந்திருக்கக்கூடும்.

1996இல் வான்ஹூஸ்டனும் உடன்பணியாளரும் ஒளிரும் தூள்களை ஆராய்ந்தனர். எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வில் 1.96 என்னும் ஜி மதிப்பில் தோன்றிய குறிகையும் பச்சை ஒளியும் சேர்ந்தே ஏறி இறங்கின. அக்குறிகை ஆக்சிஜன் வெற்றிடத்துக்குரியது என்று கொண்டனர். நம் வாக்கியத்தின் மேற்கோள் பெரும்பாலும் இக்கட்டுரைதான். ஆனால் அக்குறிகை ஆழமற்ற கொடைநிலை எலக்ட்ரான்களுக்குரியது என்ற கருத்தே பின்னர் வலுப்பெற்றது. 2000இல் வான் டி வால், ஹைட்ரஜனே அத்தகைய கொடைநிலையை உண்டாக்கவல்லது என்று கணக்கிட்டுக் காட்டினார். 2005இல் அவரும் ஜனோட்டியும், ஆக்சிஜன் வெற்றிடம் ஆழ்நிலைக் குறைபாடு என்று வாதிட்டனர். துத்தநாக வெற்றிடமும் இதற்கிடையே வலுவான போட்டியாளராயிற்று. பல குறைபாடுகள் ஒரே நிறப்பகுதியில் ஒளிரக்கூடும் என்பதால், அறைவெப்பநிலையில் எடுத்த ஒற்றை வரைபடத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. நான் செய்திருந்தது அதுவே.

அவ்வாக்கியத்தை நீக்கிவிட்டேன். "இப்படலங்களில் பச்சைப் பட்டையின் மூலம் உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். தேர்வாளர் வினவுவார் என்று நெறியாளர் தயங்குகிறார். வினவட்டும். அதற்குமுன் எங்கள் துத்தநாக அசிட்டேட்டில் செம்பு எவ்வளவு என்று அளந்தாக வேண்டும்.