பழைய பிக்அப் வண்டியில் சைலன்சரை வெட்டி 'சவுண்டு' ஏத்தலாமா? காட்டுப்பள்ளி மீன் வண்டி ஓனர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

விடியற்காலை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் மீன் பெட்டிகளும் ஐஸும் ஏறுகிற நேரம். காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கமிருந்து மீஞ்சூர், பொன்னேரி, காசிமேடு என்று கிளம்பும் வண்டிகளில் 'குட்டி யானை'யும் பழைய பிக்அப்பும்தான் அதிகம். கிளம்பும்போதே ஊரை எழுப்புகிற சத்தத்தோடு சில வண்டிகள் போகும். அதில் ஒரு பகுதி வேண்டுமென்றே ஏத்திய சவுண்டு. இன்னொரு பகுதி உப்புக் காற்றில் ஓட்டை விழுந்த சைலன்சர். வழியில் போலீஸ் கை காட்டினால் இரண்டுக்கும் ஓனர்தான் பதில் சொல்லணும்.

சைலன்சர் உள்ளே என்ன நடக்குது?

இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தோடு சூடான புகை வெளியே பாயும். அந்த 'டப் டப்' அடிதான் சத்தம். சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளை போட்ட குழாய்களும் ஒலி அலைகளை இங்கும் அங்கும் மோதவிட்டு, ஒன்றை ஒன்று அடக்க வைக்கின்றன. வெல்டிங் பட்டறையில் அதை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் அந்த அடக்கம் போய்விடும். அவ்வளவுதான் 'மாடிஃபிகேஷன்'.

பழைய வண்டியில் இது சுலபம் என்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் சென்சார்களும் இருக்கும். குழாயில் கை வைத்தால் டேஷ்போர்டில் லைட் எரியும், இன்ஜின் பவரைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இப்படித் தடுக்க எதுவும் கிடையாது.

பவர் கூடுமா?

'காத்து ஃப்ரீயா போனா பிக்அப் கூடும்' என்பது பட்டறைகளில் கேட்கும் வழக்கமான பேச்சு. ரேஸ் கார்களில் எரிபொருள், காற்று, டைமிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள். இங்கே மாறுவது பின்னால் இருக்கும் குழாய் மட்டும். 2005-ல் அறிமுகமான முதல் டாடா ஏஸ் சுமார் 700 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதில் சைலன்சரைக் கழற்றினாலும் அது 16 குதிரை வண்டிதான், சத்தம் மட்டும் லாரி மாதிரி இருக்கும். டர்போ உள்ள பிக்அப்களில் புகையின் வேகத்தை டர்பைனே பாதி உறிஞ்சிவிடுவதால், எதிர்பார்த்த 'கெத்து' சவுண்டு கூட வராது. வருவது காதைக் குடையும் ரீங்காரம்.

அந்த ரீங்காரத்தை முதலில் அனுபவிப்பது டிரைவர். குட்டி யானையில் இன்ஜினே சீட்டுக்கு அடியில்தான். குழாய் இணைப்பு சரியாக அமையவில்லை என்றால் புகையும் கேபினுக்குள் வரும். 85 டெசிபல் சத்தத்தில் தினம் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழிலாளர் காதுப் பாதுகாப்புக்கான பரவலான அளவுகோல். 88 டெசிபல் ஆனால் அந்த நேரம் 4 மணியாகச் சுருங்கும் என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்.

எவ்வளவு சத்தம் அனுமதி?

2005 ஏப்ரலுக்குப் பிந்தைய சரக்கு வண்டிகளில், மொத்த எடை 2 டன் வரை என்றால் 76 டெசிபல். 2 முதல் 3.5 டன் வரை 77 டெசிபல். வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் கணக்கு இது. 76 டெசிபல் 86 ஆனால் 'பத்துதானே கூடியிருக்கு' என்று நினைக்க வேண்டாம். ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இருக்க வேண்டிய பொதுவான ஒலி அளவு 45 டெசிபல். மீன் வண்டி கிளம்புவதோ அந்த நேரத்தில்தான். ஏரிக்கரையில் இன்னொரு சிக்கலும் சேரும். விடியற்காலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போகும் சத்தம் வளைந்து திரும்பக் கீழே வரும். எதிர்க்கரைப் பேச்சு கூட காதில் விழுவது இதனால்தான். பூநாரைகள் வந்து தங்கும் பறவைகள் சரணாலயமும் இதே ஏரிதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதி 120-ன்படி எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பைக்குகளில் மாற்றிய சைலன்சர் பிரச்னையை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-ல் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பொதுவாக இந்த நடவடிக்கை என்றாலே பைக்தான் நினைவுக்கு வரும். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

புகை சைலன்சர் வழியாகப் போகாமல் வேறு வழியில் போகும்படி 'கட்-அவுட்' வைத்து ஓட்டினால் பிரிவு 194எஃப்: முதல் முறை ரூ.1,000, அடுத்த முறை ரூ.2,000. இதற்கு டெசிபல் மீட்டரே வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு பிரிவு 182ஏ(4): ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை அளவை மீறினால் பிரிவு 190(2) இன்னும் கடுமை: முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, கூடவே 3 மாதம் லைசென்ஸ் ரத்து. மீன் வண்டி டிரைவருக்கு அந்தக் கடைசி வரிதான் அதிகம் வலிக்கும். மூணு மாசம் ஸ்டீயரிங் பிடிக்க முடியாது.

பி.யூ.சி. சான்று இருக்கே என்று காட்டிப் பயனில்லை. டீசல் வண்டிக்கு அதில் அளப்பது புகையின் அடர்த்தியை; சத்தத்தை அல்ல. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

நான் மாத்தவே இல்லை, தானா சத்தம் வருதே?

கடலோர வண்டிகளில் இதுதான் நிறைய. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், கடல் காற்று இரண்டும் வெளியிலிருந்து அரிக்கும். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சைலன்சர் முழுசாகச் சூடாகாது. உள்ளே தங்கும் நீராவி தண்ணீராகி உள்பக்கமிருந்தும் அரிக்கும். இணைப்புகளில் கறுப்பாகக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது என்று அர்த்தம். கேஸ்கெட் போயிருந்தால் சின்னச் செலவு. தகடே செல்லரித்திருந்தால் பேட்ச் வெல்டிங் நிற்காது, சைலன்சரையே மாற்றணும்.

பலர் சறுக்கும் இடமும் இதுதான். புது சைலன்சரை விட நேர்க்குழாய் மலிவு என்று பட்டறையில் சொன்னதும் சரி என்று விடுகிறார்கள். ஆர்வத்துக்காக மாற்றியதா, காசு மிச்சம் பிடிக்க மாற்றியதா என்று 182ஏ கேட்பதில்லை. வெட்டியவர் மேல் இல்லாமல் ஓனர் மேல்தான் அது பாயும். அதே மாடலுக்கான சைலன்சரை வாங்கி, பில்லை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்வது நல்லது. லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவினால் அது கூடுதல் நாள் வரும்.

எஃப்.சி.க்கு மட்டும் பழையதை மாட்டினால்?

8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். அன்றைக்கு மட்டும் ஒரிஜினல் சைலன்சரை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றுவது சிலரின் வழக்கம். எஃப்.சி. சான்று, சோதனை நடந்த அன்று வண்டி இருந்த நிலைக்குத்தான். சாலையில் நிறுத்தும்போது அடியில் நேர்க்குழாய் இருந்தால், கையில் இருக்கும் எஃப்.சி. அந்த அபராதத்தைத் தடுக்காது.