மேஸ்திரி

ஸ்பானிஷ் மொழியில் 'மாயெஸ்த்ரோ' என்று ஒரு சொல் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாரும் மாயெஸ்த்ரோ, கட்டட வேலையை நடத்துபவரும் மாயெஸ்த்ரோ, இசைக்குழுவை நடத்துபவரும் மாயெஸ்த்ரோ. மெக்சிகோவில் குழாய் ரிப்பேருக்கு வருபவரைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே இதன் உடன்பிறப்பு 'மேத்ர்'. ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் மேத்ர், வக்கீலும் மேத்ர். தொழிற்சாலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர் 'கோந்த்ர்மேத்ர்'. எல்லாவற்றுக்கும் தாய், லத்தீனின் 'மாகிஸ்தெர்'.

போர்த்துக்கீசியர் வீட்டுப் பிள்ளையின் பெயர் 'மெஸ்த்ரெ'. நம்முடைய மேஸ்திரி அவர் வழி வந்தவர்தான். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் கொடுத்த அதே மொழி. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கடலில் சேருகிற இடம் புன்னைக்காயல். போர்த்துக்கல்லிலிருந்து வந்த பாதிரியார் அன்றீக்கு அன்றீக்கசு 16-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கியது. இந்தச் சொல்லும் ஆற்றின் வழியாகவே எங்கள் ஊருக்கு ஏறி வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆற்று நீரின் வேகத்தை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். தென்னாட்டு மில்கள் பெருகப் பெருக மேஸ்திரிக்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. துரைமாருக்குத் தமிழ் தெரியாது. கூலியாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்றவர் மேஸ்திரி. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, வேண்டாதவனை வெளியே அனுப்புவது எல்லாம் அவர் கையில். வேலைக்குச் சேர மாமூல், சேர்ந்த வேலையில் நிலைக்க மாமூல். 1929-இல் அமைந்த விட்லி கமிஷன் இந்தியா முழுக்க இதைப் பார்த்துவிட்டு, ஆள் எடுக்கும் அதிகாரத்தை இவர்களிடமிருந்து பிடுங்கித் தனியாக லேபர் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும் என்று 1931 அறிக்கையில் எழுதியது. வாத்தியாரையும் வித்தைக்காரனையும் குறித்த சொல், கையூட்டு வாங்குகிறவனுக்கும் பெயராகிவிட்டது.

பர்மாவுக்கு ஆள் கூட்டிப்போனவரும் மேஸ்திரிதான். முன்பணம் கொடுத்து, கப்பல் கூலியும் கட்டுவார். அந்தக் கடன் ரங்கூன் கூலியில் கழியும். கழிகிற வரை ஆள் அவருக்குக் கட்டுப்பட்டவன். இலங்கை, மலாயா தோட்டங்களில் இதே வேலையைச் செய்தவர் கங்காணி. அது நம் சொந்தச் சொல், கண்காணிப்பவர். வேலை என்னவோ ஒன்றுதான்.

சர்க்கார் உத்தியோகத்தில் எனக்குப் பழக்கமானவர்கள் ரோடு மேஸ்திரியும் சுகாதார மேஸ்திரியும். அவர்கள் கையில் மஸ்டர் ரோல் இருக்கும். (மஸ்டரும் மேஸ்திரியும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அது 'காட்டுதல்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.) ஆனால் டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் எல்லாரும் ஆங்கிலம் வழியாக வந்த சொந்தச் சித்தப்பா பிள்ளைகள். இவர்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

மேஸ்திரியிடம் அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் கரண்டி பிடிப்பவர் கொத்தனார். வேலை பிடித்து, சனிக்கிழமை கூலி பிரித்துக் கொடுப்பவர் மேஸ்திரி. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டுச் சித்தாள் பெண்கள் அவரிடம்தான் போய் நிற்கிறார்கள்: "மேஸ்திரி, நாளைக்கு வேல உண்டுமா?"