நான்கில் ஒன்று வழுக்கினால்

“நாலு வீலும் இழுக்குற காருக்கு எல்எஸ்டி எதுக்குடா? தண்டச் செலவு” என்றான் நண்பன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்காக மூன்று வருடம் காசு சேர்த்தவன். ஒரே மாடலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு கார்கள் விலைக்கு வந்திருந்தன. நானும் வெகுநாள் அவனைப் போலத்தான் நினைத்திருந்தேன். வரலாறு வேறு கதை சொல்கிறது.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அதற்காகவே 1820களின் இறுதியில் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் தன் நீராவி வண்டிக்கு டிஃபரென்ஷியலை வடிவமைத்தார். அது இரு பக்கமும் சமமான முறுக்குவிசையைத் தரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் பனியில் வழுக்கினால், அது எவ்வளவு கொஞ்சமாக ஏற்கிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இது பெரிய தலைவலி ஆனது. 16 சிலிண்டர் எஞ்சினின் மொத்த பலமும் வளைவில் உள்சக்கரத்தைப் புகைய வைத்தே வீணானது. ஃபெர்டினாண்ட் போர்ஷே கேட்டுக்கொண்டபடி இசட்எஃப் நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைச் செய்துகொடுத்தது.

சரி, நான்கு சக்கரமும் இழுத்தால்? 1980இல் ஜெனீவாவில் அறிமுகமான ஆடி குவாட்ரோவைப் பாருங்கள். 1981இல் மிஷெல் மூட்டோன் சான்ரெமோ ராலியை வென்றது இந்தக் காரில்தான். இதில் டிஃபரென்ஷியல் மூன்று: முன்னே, பின்னே, நடுவே. மூன்றும் சாதாரணமானவை என்றால் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலும் கார் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் குவாட்ரோவில் நடுவிலுள்ளதையும் பின்னாலுள்ளதையும் ஓட்டுநரே பூட்டிக்கொள்ளும் வசதி வைத்தார்கள். பூட்டினால் பிடி கிடைக்கும். ஆனால் வளைவில் கார் எளிதில் திரும்பாது. பின்னாளில் நடுவில் டோர்சன் வந்தது. பூட்டாமலேயே, பிடி உள்ள பக்கத்துக்கு அதிக விசையைத் தள்ளும் பல்சக்கர ஏற்பாடு அது.

காய்ந்த சாலையிலும் கதை இதுதான். 1989இன் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் தேவைப்படும்போது பாதி விசையை முன்னே அனுப்பும். இருந்தும் பின்னால் எல்எஸ்டி வைத்தார்கள். வேகமான வளைவில் உள்சக்கரத்தின் மீது பாரம் குறைகிறது. பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடியும் இல்லை. நான்கு சக்கர இயக்கம் முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கிறது. இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே உள்ள வழக்கை அது தீர்ப்பதில்லை.

இன்றைய கார்கள் வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுச் சமாளிக்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு அது போதும். பந்தயத் தடத்திலோ பிரேக் சூடாகும், எஞ்சினின் உழைப்பும் வீணாகும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நண்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “நீ ட்ராக்ல ஓட்டுவியா, ஆபீஸுக்கு ஓட்டுவியா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “ரெண்டும்தான்” என்றான்.

“அப்போ எல்எஸ்டி இருக்கிறதையே வாங்கு. ஆனா முதல்ல நல்ல டயர் போடு. தரையைத் தொடுறது அது மட்டும்தான்.”