முன்பக்கம் மட்டும் உள்ள படங்கள்

2016 ஏப்ரல் 19ஆம் திகதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு வளைவைத் திறந்து வைத்தார்கள். சிரியாவின் பல்மைராவில் ரோமர் காலத்தில், ஏறத்தாழ 1800 வருடங்களுக்கு முன்னர் கட்டிய வளைவின் நகல் அது. அசலை 2015 ஒக்டோபரில் ஐஎஸ் இயக்கத்தினர் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒக்ஸ்போர்டில் உள்ள டிஜிட்டல் தொல்லியல் நிறுவனம் புகைப்படங்களை வைத்துக் கணினியில் அதன் உருவத்தை உண்டாக்க, இத்தாலியின் கராராவில் இயந்திரங்கள் அதை எகிப்தியச் சலவைக்கல்லில் செதுக்கின. உயரம் ஆறு மீற்றருக்குக் கிட்ட, அசலை விடச் சிறியது. மூன்று நாள் இங்கே நின்றது. பிறகு நியூயோர்க், டுபாய் என்று போனது.

நானும் வேலைக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். சிரியாவிலிருந்து 20,000 பேரை ஐந்து வருடத்தில் எடுப்போம் என்று பிரித்தானிய அரசு அறிவித்து அப்போது ஏழு மாதம்தான். கல்லுக்கு யாரும் விசா கேட்பதில்லை! சரி, அது வேறு கதை. எனக்கு அன்று தோன்றியது இதுதான்: எங்கள் ஊரில் இல்லாமல் போனவற்றை இப்படித் திரும்ப எழுப்ப எங்களிடம் படம் இருக்கிறதா?

இதன் சூட்சுமம் பெரிதில்லை. விரலை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மாறி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும். அது போல, ஒரே மூலைக்கல் வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு மூன்று படங்களில் தெரிந்தால், அது எங்கே நின்றது என்று கணக்குப் போடலாம். புதிய யோசனையும் இல்லை. 1858இல் ஜேர்மனியின் வெற்ஸ்லார் பேராலயத்தை அளக்க ஏறி, விழுந்து சாகப்பார்த்த மைடன்பவர் என்பவருக்குத்தான் படத்தை எடுத்து அதில் அளந்தால் என்ன என்று தோன்றியது. உயிர்ப்பயத்தில் பிறந்த வித்தை.

ஆனால் எல்லாப் படமும் உதவாது. 2001 மார்ச்சில் தலிபான்கள் உடைத்த பாமியான் பெரிய புத்தரை (53 மீற்றர்) சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குரூனின் குழு கணினியில் மீட்டது. இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணி எடுத்த படங்கள், 1970இல் ஒஸ்ரியப் பேராசிரியர் கொஸ்ட்கா அளவை எடுப்பதற்கென்றே உள்ள கமராவில் பிடித்த படங்கள் என மூன்று வகையிலும் செய்து பார்த்தார்கள். கொஸ்ட்காவின் படங்களில்தான் நுணுக்கம் வந்தது.

எங்களுக்கு ஒரு கொஸ்ட்கா வாய்த்திருக்கிறாரா? யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. போரில் அது கற்குவியலாகிவிட்டது. அதை வெளிநாட்டார் எடுத்த படங்களாவது உண்டு. எங்கள் நாற்சார் வீடுகள், சங்கடப்படலைகள், மடங்கள்? 1995 ஒக்டோபர் 30 வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் அல்பங்களைத் தூக்கிக்கொண்டா போனது? பிள்ளையைத் தூக்கியது, அரிசிப் பையைத் தூக்கியது. தப்பிய படங்களில் நிறைய, அதற்கு முன்னரே லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் கடிதத்தோடு வந்தவை. சாமத்தியவீடு, கலியாணம், புது மோட்டார் சைக்கிள்.

நான் எங்கள் பழைய வீட்டுக்காகச் சொந்தக்காரர் எல்லோரிடமும் கேட்டுப் பதினொரு படம் சேர்த்தேன். பதினொன்றும் முன் விறாந்தையில் எடுத்தவை. நடுவில் மாமிமார் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ தூண். அடுக்களைப் பக்கமோ கிணற்றடியோ ஒன்றிலும் இல்லை. பிலிம் விலைக்கு யார் கிணற்றடியை எடுப்பார்கள்? ஒரு நன்மை, ஒன்றில் ரலி சைக்கிள் சாத்தியிருக்கிறது. அதன் சில்லு 28 அங்குலம், அதை வைத்துத் தூணின் உயரத்தைக் கணக்கிடலாம். மறைக்கிற ஆக்களும் பொருளுமே அளவுகோல்.

இப்போது படத்தில் இல்லாத பக்கத்தையும் செயற்கை நுண்ணறிவு அழகாக நிரப்பித் தரும். எனக்கு அது வேண்டாம். எங்கள் ஊரில் யார் இருந்தது, எப்போதிருந்து இருந்தது என்பதே வழக்காக இருக்கும்போது, ஊகித்துப் போட்ட ஒரு சுவர் போதும், உண்மையான மற்ற மூன்றையும் பொய்யென்று சொல்ல. தெரியாத பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும், தெரியாதென்று எழுதியும் வைப்போம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அல்பம் இருந்தால், படத்தைப் பிளாஸ்ரிக் தாளிலிருந்து கவனமாக எடுத்து ஸ்கான் பண்ணுங்கள். பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து. ஓரத்தை வெட்ட வேண்டாம், சுவரும் கூரையும் அங்கேதான் தெரியும். எண்பது வயதுக்காரர் வீட்டில் இருந்தால் இந்தச் சனிக்கிழமையே பக்கத்தில் இருத்தி, இது எந்தப் பக்க வாசல் என்று கேளுங்கள். கோட்டைக்குள் சுற்றுலா போன பள்ளிக்கூடப் படம் யாரிடமும் இருந்தால், பின்னால் தேவாலயம் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் எடுத்ததென்றால் இன்னும் நல்லது.