மஞ்சப்பைக்குள் கொஞ்சம் அட்ரோபின்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவரின் மஞ்சப்பையை மருத்துவர் மேசையில் கவிழ்த்தால், நான்கு அட்டைகள் ஒன்றாக விழுவதில் வியப்பில்லை. பிரஷருக்கு அம்லோடிபின். ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல். தலைசுற்றலுக்கு சின்னரிசின். கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. எது எப்போது தொடங்கியது என்று வரிசைப்படுத்தினால்தான் சிக்கல் தெரியும்: நான்காவது மாத்திரைக்கு வேலை வைத்ததே மூன்றாவதாக இருக்கலாம்.

சின்னரிசின் உள்காதை அமைதிப்படுத்துவதோடு நிற்பதில்லை. மூளையில் டோபமினின் வேலையையும் தடுக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கும் முதியவருக்கு நடை தளரும், முகம் இறுகும், கை நடுங்கும். தென் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் 1980களிலேயே இது பதிவாகிவிட்டது. நடுக்கத்தைப் பார்த்தவர் பழைய சீட்டைப் பார்க்காவிட்டால் அதைப் பார்க்கின்சன் நோய் என்றே எழுதுவார். அதற்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைத் தடுப்பதில் அட்ரோபினுக்குப் பங்காளி.

அட்ரோபினைப் பற்றி வேலூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருவோரைக் காலங்காலமாகக் காப்பாற்றிவரும் ஊர் அது. பிராலிடாக்ஸிம் என்ற முறிமருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 1990களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகள் காட்டின. அட்ரோபினே ஆதாரமாக நின்றது. அதன் அளவு மீறினால் என்ன ஆகும் என்பது அந்த வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்குத் தெரியும். நாக்கு மரக்கட்டையாக உலரும், கண்மணி விரியும், நாடி குதிரையாக ஓடும், சிறுநீர் கட்டும். நோயாளி போர்வையின் நூலைப் பிடுங்கியபடி, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருப்பார். உடனே கையில் ஏறும் மருந்தைக் குறைப்பார்கள்.

அதே தோற்றம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு மாதமாக மெல்ல மெல்ல வந்தால் யாரும் மருந்தைச் சந்தேகிப்பதில்லை. ‘வயசாச்சு, மறதி’ என்பார்கள். வயதானவரின் மூளையில் அசிடைல்கோலின் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. சிறுநீரகமும் மருந்தைத் தாமதமாகவே வெளியேற்றும். இளைஞருக்கு வாய் உலர்வதோடு போகிற அளவு, எழுபதைத் தாண்டியவருக்குக் குழப்பமாக முடியும். முதுமை மறதியை ஆராய்ந்த 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்திலும் பணியாற்றியது. எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மறதி நோயாளிகளின் எண்ணிக்கை பல மடங்கு மாறும் என்பதை அக்குழுவின் ஆய்வுகள் காட்டின. அளவுகோலை எடுக்கும் முன் பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி செய்வது சும்மா இல்லை. கோடையில் 40 டிகிரி சாதாரணம். டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையை அடக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வியர்க்காமல் படுத்திருக்கும் முதியவருக்கு உடம்பின் சூடு வெளியேற வழியில்லை.

இதயத்துக்கு வருவோம். டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாததால் சாது என்று பெயர் வாங்கியது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்நிலை மீளும் நேரத்தை அது நீட்டுகிறது. 60 வயதைத் தாண்டியோருக்கும், நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்போருக்கும் ஆபத்து கூடுதல் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014இல் எச்சரித்தது. ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகத் தர வேண்டாம் என்றும் கூறியது. நம் கேஸ் கேப்ஸ்யூல் பலவற்றில் அந்த 30 மில்லிகிராம் ஒரே உருண்டையில் இருக்கிறது. காய்ச்சலுக்கு அசித்ரோமைசினும், கால் வீக்கத்துக்குப் பொட்டாசியத்தைக் கரைக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். அந்த வீக்கமேகூட அம்லோடிபின் தந்ததாக இருக்கலாம்.

முதியோருக்கு ஆகாத மருந்துகளுக்கு 1991இல் வெளியான அமெரிக்கப் பட்டியல் ஒன்று, அதைத் தொகுத்த பீர்ஸின் பெயரால் வழங்குகிறது. அங்கே சின்னரிசின் விற்பனையிலேயே இல்லாததால் அந்தப் பட்டியல் நமக்கு முழுதும் உதவாது. நம் பட்டியலை உமராபாத் சாலை மெடிக்கல் கடை அலமாரியிலிருந்துதான் எழுதியாக வேண்டும்.

கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொடுக்கப் போகும் பெண் பணியாளர், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் அட்டைகளின் பெயரையும் குறித்து வந்தால், பாதி வேலை முடிந்தது. பிரஷர் மாத்திரையை யாரும் தானாக விட்டுவிடக் கூடாது. பக்கவாதத்தைத் தடுப்பது அதுதான். நடுக்க மாத்திரையையும் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். சின்னரிசினை நிறுத்திய பிறகும் நடுக்கம் அடங்கப் பல மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு முழுதும் அடங்குவதில்லை. அதனால் நிறுத்திய தேதியை ஓ.பி. சீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மாதம் வேறொரு மருத்துவர் அதே கையைப் பார்த்து அதே மாத்திரையை எழுதுவார்.