96 மணி நேரம்

சென்னையிலிருந்து வந்த விமானம் காலை ஏழு மணிக்கு இறங்கியது. மெல்பர்ன் விமானம் இரவு எட்டரைக்கு. மகள் வீட்டுக்குப் போகிற மாமாவுக்கு நடுவில் ஒரு பகல் கிடைத்தது. ஆஸ்திரேலிய விசா வைத்திருக்கிற இந்தியர்கள், வழியில் இறங்கினால், சிங்கப்பூர் விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை ஊருக்குள் வந்து போகலாம். வெளியே வந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இது.

"பாஸ்போர்ட்ல சீலே குத்தலையே மாப்ள?"

"இப்பல்லாம் குத்துறதில்ல மாமா. மின்னஞ்சல்ல வந்துரும்."

"அப்ப நான் வந்துட்டுப் போனதுக்கு என்ன அத்தாட்சி?"

அவர் சும்மாதான் கேட்டார். அன்றைக்கு நாள் முழுக்க அந்தக் கேள்வி எங்கள் கூடவே வந்தது.

மாமாவின் அப்பா, அதாவது என் தாத்தா, 1951இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி இங்கே வந்தவர். சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிய கப்பல் அது. 1973இல்தான் அந்த ஓட்டம் நின்றது. அதில் வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் டெக் டிக்கெட் வாங்கி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். மூணு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன தாத்தாவுக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1953 ஆகஸ்டில் குடிநுழைவு விதிகள் இறுகின. இரண்டு வருஷம் தாமதித்திருந்தால் அவர் வந்திருக்கவே முடியாமல் போயிருக்கலாம். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பதிந்துகொண்டவர்கள் உண்டு. தாத்தா பதியவில்லை. ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்று இருந்துவிட்டார்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. தளத்தை நம்பியிருந்த, குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். 1970இல் தாத்தாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். மாமாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"அதுக்கு முன்னாடி எங்கப்பாவ ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். வாயத் தொறந்தா தேக்கா, தேக்காம்பாரு. அந்தத் தேக்காவக் காட்டு, போதும்" என்றார் மாமா.

தேக்காவுக்குச் சாயங்காலம் போகலாம், அதற்கு முன் இரண்டு இடம் இருக்கிறது என்றேன். இன்று லிட்டில் இந்தியா என்கிற பகுதியில் தமிழர்கள் முதலில் குடியேறவில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய சூலியா தெருப் பக்கம்தான் தொடக்க காலக் குடியிருப்பு. அதனால் முதலில் சைனாடவுனில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போனோம்.

இந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து அதே 'இந்தியானா' கப்பலில் வந்தவர். முதலில் நாணயங்களைச் சரிபார்க்கும் எழுத்தர் வேலை. பிறகு தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். பினாங்கில் தெரிந்தவர்களிடம் சொல்லிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1822இல் அவருடைய துணிக்கடை தீப்பிடித்துக் கடனாளியானார். மறுபடி எழுந்து நின்றார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்புக் கூரையுமாக இந்தக் கோயிலை எழுப்பினார். இன்று பாடப்புத்தகத்திலும் அவர் இருக்கிறார். ஆனால் அவர் வரவழைத்த கொத்தனார்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அடுத்தது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். "கோயிலுக்கு அடுத்து சர்ச்சா?" என்று மாமா சிரித்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் கதையைச் சொன்னேன். 1824 ஒப்பந்தத்தில் சுமத்ராவின் பென்கூலனை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த ஆங்கிலேயர்கள், அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை 1825இல் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்கள். அதன்பின் இந்தியாவிலிருந்து நேராகவும் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். சாலை போட்டது, சதுப்பை மேடாக்கியது, செங்கல் சுட்டது, கல் உடைத்தது எல்லாம் அவர்கள்தான். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தத் தேவாலயமும், இன்று அதிபர் மாளிகையாக இருக்கிற இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை.

இங்கே சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்துச் சேர்ப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். பூசி உலர்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நான் சிவில் பொறியாளன். இந்தக் கலவையைப் பற்றிக் கல்லூரியில் ஒருவரும் சொன்னதில்லை. மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

"காரைக்குடிப் பக்கத்து வீடெல்லாம் இப்படித்தானே? கொத்தனாரு கூடவே கொண்டு வந்துருக்கான்" என்று தூணைத் தடவிப் பார்த்தார்.

1873இல் இங்கே கைதிகள் முகாமை மூடினார்கள். தண்டனை மீதமிருந்தவர்கள் அந்தமானுக்கு. விடுதலைச் சீட்டு பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கி ஊரோடு கலந்துபோனார்கள். வரமாட்டேன் என்றவர்களை இழுத்து வந்தார்கள். வேலை முடிந்ததும் யார் போவது, யார் இருப்பது என்பதை ஒரு தாள் முடிவு செய்தது.

மூன்று மணி வாக்கில் தேக்காவில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பகுதி மாடுகளால் வளர்ந்தது. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர், பக்கத்தில் 1840களில் வந்த குதிரைப் பந்தயத் திடல், மாட்டு வியாபாரம், செங்கல் சூளைகள் எல்லாம் சேர்ந்து தமிழர்களையும் வங்காளிகளையும் சிராங்கூன் சாலைக்கு இழுத்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை இரண்டுக்கும் எருமைதான் பெயர். தாத்தா பார்த்த பழைய சந்தை இப்போது இல்லை. இன்றைய கட்டடம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. அதைச் சொன்னபோது மாமா முகம் கொஞ்சம் வாடியது. பிறகு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் யாரு?" என்றார்.

அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, பங்களாதேஷ். பெரும்பாலும் இரண்டு வருஷ ஒர்க் பெர்மிட். குடும்பத்தை அழைத்துவர முடியாது. வாரத்தில் ஒரு நாள் இங்கே வந்து காய்கறி வாங்கி, பணம் அனுப்பி, ஊர்க்காரனைப் பார்த்து, வீடியோவில் பிள்ளை முகம் பார்த்துவிட்டுத் தங்குவிடுதிக்குத் திரும்புவார்கள். இதே சாலையில் 2013 டிசம்பர் 8 இரவு, தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினர். ஆம்புலன்சும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியொன்று இந்த ஊரில் நடந்ததில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வண்டியை எரித்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதுவரை இந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நெரிசலாக மட்டும் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள் நிறையப் பேர். போன வருஷம்வரை நானும் அப்படித்தான். என் தளத்தில் கம்பி கட்டுகிறவரை இங்கே சட்டை மாற்றிப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் "சார்" என்று கூப்பிட்டார்.

வரலாற்றில் பெயர் நிற்பது திறமையால் மட்டும் இல்லை, தங்க முடிந்த காலத்தாலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாராயண பிள்ளைக்கு இழப்பிலிருந்து எழ அவகாசம் இருந்தது. சுண்ணாம்பு தேய்த்தவருக்கும், செம்பவாங்கில் பத்தொன்பது வருஷம் உழைத்த தாத்தாவுக்கும் அந்த அவகாசம் அவர்கள் கையில் இல்லை. நாங்கள் கட்டி முடிக்கிற கட்டடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கம்பி கட்டியவர் அதற்குள் வேறொரு தளத்துக்கோ ஊருக்கோ போயிருப்பார்.

மாமா ஒரு கடையில் கோடாலித் தைலம் ஆறு பாட்டில் வாங்கினார். தாத்தா கொண்டுவந்த பெட்டியைத் திறந்தபோது இந்த வாசனைதான் அடித்ததாம். ரசீதை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

சாங்கியில் உள்ளே போகும் முன் திரும்பினார்.

"எனக்கு 96 மணி நேரம் குடுத்தான். உனக்கு எத்தன நாளு மாப்ள?"

"அடுத்த மார்ச் வரைக்கும் மாமா. அப்புறம் புதுப்பிக்கணும்."

"ம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.