சக்கரவாளம் ஈன்ற பேரெண்

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி, அதனோடு ஒன்றைக் கூட்டினால், கிடைப்பதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருத்தல் வேண்டும். அவ்வெண் யாது?

வினா எளியதுபோல் தோன்றும். 61க்குப் பதிலாக 60 என்று கொண்டால் விடை 4. பதினாறை அறுபதால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வரும் 961, 31இன் வர்க்கமன்றோ? 62 என்று கொண்டால் விடை 8. இடையில் நிற்கும் 61க்கோ, பூச்சியம் நீங்கலாக, மிகச் சிறிய விடையே 22,61,53,980. அதன் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 176,63,19,049 என்னும் பேரெண்ணின் வர்க்கம் வரும். ஒன்று, இரண்டு என நிமிடத்திற்கு ஓர் எண்ணாக, இரவுபகல் ஓயாது சோதித்துச் சென்றாலும் இவ்விடையை எட்ட ஏறத்தாழ 430 ஆண்டுகள் ஆகும்.

இவ்விடையை 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தந்தார். அவருக்கு வழி வகுத்தவர் பிரம்மகுப்தர். சற்றே பிழைபடும் இரு விடைகளை இணைத்து மற்றொன்றை ஆக்கும் முறையை அவர் 628லேயே கூறியிருந்தார். பாஸ்கரர் கையாண்டது சக்கரவாளம் என்னும் சுழல்முறை. 8இன் வர்க்கம் 61ஐவிட 3 மிகுதி. அங்கே தொடங்கி அடுத்த சுற்றில் 39, 5 என்னும் எண்களை அடைகிறோம். 39இன் வர்க்கம் 1521. 5இன் வர்க்கத்தை 61ஆல் பெருக்கினால் 1525. குறை 4. குறை நான்காகிவிட்டால் அதனை ஒன்றாக்கும் வழி பிரம்மகுப்தரிடமே உண்டு. பிறகு சில பெருக்கல்களே எஞ்சும். ஓர் ஏட்டின் ஒரு பக்கம் போதும்!

1657இல் பிரான்சு நாட்டு பெர்மா இதே வினாவை, இதே 61ஐ வைத்துத் தம் காலத்து அறிஞர்முன் விடுத்தார். பாஸ்கரரைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலேயரான பிரௌங்கர் விடை காணும் முறையை வகுத்தார். பின்வந்த ஆய்லர், அப்பெருமையைத் தவறுதலாக ஜான் பெல் என்பவருக்கு ஏற்றிவிட்டார். இன்றும் பாடநூல்களில் இது பெல் சமன்பாடே. இம்முறையில் எப்போதும் விடை கிட்டும் என்று நிறுவிய புகழ் லக்ராஞ்சுக்கு உரியது. அதனை நாம் பாஸ்கரருக்கு உரிமை கோருதல் முறையன்று.

பீஜகணிதத்தைக் கோல்புரூக் வடமொழியிலிருந்து நேரே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது 1817இல். மூலம் தோன்றி அறுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இத்தாமதம் உறுத்தவே செய்கிறது.

பாஸ்கரரும் முதல்வர் அல்லர். உதயதிவாகரர் 1073இல் எழுதிய உரையொன்றில் ஜெயதேவர் என்பாரின் செய்யுட்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. சக்கரவாள முறை அவற்றிலேயே உள்ளது. இதனைக் கிருபாசங்கர் சுக்லா 1954இல் வெளிப்படுத்தினார். ஜெயதேவரின் ஊரும் காலமும் நமக்குக் கிட்டவில்லை, அச்செய்யுட்களே எஞ்சியுள்ளன.